கன்னியர் ஆஸ்பத்திரியில் என் கட்டில்

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை பிறந்தது. மூன்று நாள் வலிக்குப் பிறகு, செத்துத்தான் பிறந்தது. ஒரு வாரம் கழித்து என்னை அறியாமலேயே மூத்திரம் ஒழுகத் தொடங்கியது. நிற்கவே இல்லை. எத்தனை துணி மாற்றினாலும் நாற்றம் போகாது. மாமியார் அடுப்படிக்கு வரவேண்டாம் என்றார். பிறகு மாட்டுக் கொட்டகையை ஒட்டி எனக்கென்று ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். என் வீட்டுக்காரர் சோற்றுச் சட்டியை வைத்துவிட்டு முகம் பாராமல் போவார். அவரை எப்படிக் குறை சொல்வது? எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஒன்றரை வருஷம் அப்படிப் போனது.

புதுக்கோட்டையில் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரீகள் பெண்களுக்காக ஆஸ்பத்திரி வைத்திருப்பதாக இலுப்பூர்ச் சந்தையில் கேள்விப்பட்டு, அண்ணன் வண்டியில் வைக்கோல் பரப்பி என்னை அழைத்துப் போனார். அது பழைய ஓட்டு வீடு. முன்கூடத்தில் மருந்து கொடுத்தார்கள். பின்கட்டில் ஆறு கட்டில்கள். போனால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதனால் நாலு கட்டில் காலியாகக் கிடந்தன.

“இங்கிட்டே இரு தாயி. கதிரறுப்பு முடியவும் வாரேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் வண்டியைத் திருப்பினார்.

அங்கே மூத்த கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். சிஸ்டரம்மா என்போம். அவர்தான் என்னைக் குளிப்பாட்டினார். மூக்கைப் பொத்தவில்லை. புத்தகத்தில் படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார்:

“இது உம்முடைய குற்றம் அல்ல. இது காயம். காயத்தைத் தைக்கலாம்.”

அதுவரை அதைக் காயமென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

திருச்சியிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்து ஆப்பரேஷன் செய்தார். ஒன்பதாம் நாள் காலையில் படுக்கை நனைந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். சிஸ்டரம்மாவே கண்டுபிடித்தார். புண் ஆறிய பின் மறுபடி தைக்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்.

ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரிகளுக்குக் வீட்டிலிருந்து கஞ்சியும் ரசமும் தூக்குச் சட்டியில் வரும். ஆட்கள் வந்து சுற்றி உட்காருவார்கள். எனக்கு அண்ணன் இரண்டு தடவை வந்தார். மற்ற நாளெல்லாம் கிணற்றடியில் உட்கார்ந்து கட்டுத் துணி சுருட்டினேன். அப்போது யுத்த காலம். சிஸ்டரம்மாவின் சீமையிலிருந்து கடிதாசி நின்றுபோயிருந்தது. தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசல்வரை போய்த் திரும்புவதை நான் பார்ப்பேன். ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து துணி சுருட்டியபடி, தன் தாய் உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியவில்லை என்றார். அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டாவது ஆப்பரேஷன் பலித்தது. காய்ந்த விரிப்பை அன்று முழுவதும் தடவித் தடவிப் பார்த்தேன்.

அண்ணனோடு ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் இடுப்பில் பிள்ளையோடு வேறொருத்தி நின்றாள். என் வீட்டுக்காரர் வெளியே வந்தார்.

“ஒனக்குச் சரியாப் போச்சா?”

“போச்சு.”

“ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அவள்தான் செம்பை நீட்டினாள். குடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். அண்ணன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னேன்.

அங்கேயே ஆயாவாகச் சேர்ந்தேன். பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். யுத்தம் முடிவதற்குள் ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. பிரசவத்துக்கென்றே நீள வார்டு. கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்தோம். வேதத்தில் சேர்ப்பார்கள் என்ற பேச்சை அப்புறம் யாரும் பேசவில்லை. என்னையும் யாரும் சேரச் சொல்லவில்லை.

கடைசியில் சிஸ்டரம்மாவுக்குக் கடிதாசி வந்தது. தாய் இறந்து மூன்று வருஷமாகிவிட்டதாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு, எப்போதும்போல வார்டைச் சுற்றி வந்தார். சாயங்காலம் ஜெபக் கூடத்துக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் என்னைப் பார்த்து, “சாப்பிட்டீரா?” என்று கேட்டார்.

“இனிமேத்தான் சிஸ்டரம்மா.”

தலையசைத்தார். அவர் மடத்துப் பக்கம் நடந்தார். நான் சமையற்கட்டுக்குப் போனேன்.