துண்டு கிடைக்கும்வரை

துபாயில் நான் கடைசிவரை பழகிக்கொள்ளாத காரியம் ஒன்று உண்டு. அங்கே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன் அட்டையை நீட்டச் சொல்வார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்கும் டொக்டரை அடைய மூன்று மேசைகளைத் தாண்ட வேண்டும். முதல் மேசைப் பெண் சிரித்த முகத்தோடு “இன்சூரன்ஸ் கார்ட் ப்ளீஸ்” என்பாள். எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நம் முகத்தை இரண்டாம் தடவை பார்ப்பாள். கம்பனி நமக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறது என்பது அந்த இரண்டாம் பார்வையில் தெரிந்துவிடும். அதைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். ஒன்பது வருஷம் அடக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

நானும் என் வீட்டுக்காரர் யேசுதாசும் ஒரே லோண்டரியில் வேலை செய்தோம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வந்து குவியும். அவர் துவைக்கும் மெஷினில், நான் இஸ்திரிப் பக்கம். ஒவ்வொரு ஜனவரியும் புது அட்டை தருவார்கள். நாங்கள் போன புதிதில் அந்த அட்டையைக் காட்டினால் மருந்து வரைக்கும் கம்பனியே பார்த்துக்கொண்டது. பிறகு மருந்தில் ஒரு பங்கு நம் தலையில் விழுந்தது. அடுத்து ஸ்கேன், அடுத்து டொக்டர் பார்க்கும் கூலி. போன ஜனவரியில் வந்த அட்டையோடு ஆஸ்பத்திரிப் பட்டியலும் பாதியாகச் சுருங்கியிருந்தது. லோண்டரியிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி அதில் இல்லை. எங்களோடு வேலை செய்த பெண்கள் இதென்ன கணக்கு என்று கேட்டபோது நான் சொன்னேன், “எங்க தோட்டத்துல கொழுந்து நிறுவை கொறஞ்சா அரைப்பேர் போடுவாங்க. முழுநாள் மலையில நின்னாலும் பாதிச் சம்பளந்தான். இப்ப நம்ம ஒடம்புக்கும் அரைப்பேர் போட்டுட்டாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை யேசுதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் வெளிறி, வேர்த்துக் கொட்டியது. இனி நாங்கள் செய்ததைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலைக்குப் போனோம்.

இலங்கையில், எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் முறை. காய்ச்சலோ கால் முறிவோ, காலையில் முதலில் பெரட்டுக் களத்துக்குப் போய் முகத்தைக் காட்ட வேண்டும். அங்கேதான் அன்றன்றைக்கு ஆளை எண்ணி வேலை பிரிப்பார்கள். கணக்கப்பிள்ளை நம்மை ஏற இறங்கப் பார்த்து, பொய்க் காய்ச்சல் இல்லை என்று மனது வைத்தால், ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுப்பார். அந்தத் துண்டு கையில் இருந்தால்தான் டிஸ்பென்சர் மருந்துப் போத்தலைத் தொடுவார். படுத்த இடத்திலிருந்து நேரே டிஸ்பென்சரிக்குப் போகிற தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. ஆகவே, ரத்தத்தில் ஊறிய அந்தப் புத்தியோடு, வலியில் இரண்டாக மடிந்த மனிதனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு லோண்டரி வாசலில் போய் நின்றேன்.

சூப்பர்வைசர் பிஜு மலையாளி, கெட்டவன் இல்லை. “சேச்சி, ஹெச்.ஆர். ஒன்பது மணிக்குத்தான் வரும். அவர் மெயில் போட்டால் இன்சூரன்ஸ் அப்ரூவல் தரும்” என்றான். நாங்கள் எப்போதும் போகிற வழி அதுதான் என்பதால் அவனும் அதையே சொன்னான். அப்போது மணி ஆறு. விரிப்புகள் தள்ளும் டிரொலியில் அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன். ஏழு மணிக்கு வாந்தி எடுத்தார். எட்டு மணிக்கு என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். நகம் பதிந்து ரத்தம் வந்தது. “டாக்ஸி புடிச்சு எங்கயாச்சும் போயிருவோமாங்க” என்றேன். “பொறு புள்ள, துண்டு வரட்டும்” என்றார். அவர் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. அப்ரூவல் வந்தபோது பதினொரு மணி. பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி நகரத்தின் அடுத்த கோடியில். பாதி வழியில், டாக்ஸிக்குள், அவர் கத்திய கத்தலில் பாகிஸ்தான்கார டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதான். குடல்வால் வெடித்திருந்தது.

அந்தக் கத்தலை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எனக்குப் பத்து வயது. நாலாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்தவர்களைக் குளவி கலைந்து கொட்டியது. பெண்கள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து புரண்டார்கள். என் சித்தி அன்னம்மாவுக்குக் கண், வாய், காது எங்கும் கொட்டியிருந்தது. முகமே இல்லை, ஒரு வீக்கம்தான் இருந்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை விரித்து, அதில் கிடத்தி, நாலு பேர் டிஸ்பென்சரிக்குத் தூக்கி ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன். டிஸ்பென்சர் வாசலில் நின்று, “துண்டு எங்க? கணக்கப்பிள்ளைகிட்ட வாங்கிட்டு வா” என்றார். சித்தியின் தொண்டையிலிருந்து வந்தது மனிதச் சத்தமே இல்லை. என் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலிருந்து கையில் கத்தியோடு ஓடி வந்திருந்தார். கத்திப் பிடியால் டிஸ்பென்சரின் வாயில் அடித்தார். பல் தெறித்துப் படியில் விழுந்தது. விழுந்த மனிதரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி அலமாரியில் மோதினார். கண்ணாடி உடைந்தது. “ஊசியப் போடு” என்றார். வாயில் ரத்தம் வழிய வழிய அந்த மனிதர் ஊசி போட்டார். சித்தி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்.

அப்பா ஜெயிலுக்குப் போனார். தோட்டத்தில் பேர் வெட்டினார்கள், நாங்கள் குடியிருந்த லயக் காம்பராவைக் காலி பண்ணச் சொன்னார்கள். எங்கள் சட்டி பானை மழையில் நனைந்தபடி ரோட்டில் கிடந்ததையும், என் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றதையும் நான் மன்னிக்கவே இல்லை. கல்யாண வயதில் ஒரு நாள் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன், “துண்ட வாங்கிட்டு வந்திருக்கலாம்ல அப்பா?” கை நீட்டாத ஒருவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று யேசுதாசைக் கட்டினேன். எந்த வரிசையிலும் முண்டாதவர், எந்த அதிகாரியிடமும் குரல் உயர்த்தாதவர். அந்தப் பொறுமையைத்தான் நான் விரும்பினேன். அந்தப் பொறுமைதான் அவர் வயிற்றுக்குள் வெடித்தது.

வயிற்றைத் திறந்து கழுவிச் சீழ் எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் ஆள் தப்பிவிட்டார் என்றார்கள். ஹைதராபாத் டொக்டர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஹிந்தியும் இங்கிலீசும் கலந்து கேட்டார், ஏன் இவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்று. அப்ரூவலுக்குக் காத்திருந்தோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். உயிர் போகிற அவசரத்துக்கு அப்ரூவல் தேவையே இல்லை, பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியும் எடுத்தே ஆக வேண்டும், அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது என்றார். “காத்திருக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் பெட்டி கட்டியபோது பெரட்டுக் களத்தையும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

இன்னும் பத்து நாள் போனதும் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. நோயாளி ஐந்து மணி நேரம் வேலையிடத்தில் காத்திருந்திருக்கிறார், ஆகவே இது அவசர அனுமதி இல்லை, சாதாரண அனுமதிக்கு உள்ள எல்லைக்கு மேலானதை நோயாளியே கட்ட வேண்டும். என்னுடைய ஏழு மாதச் சம்பளம் அது. அதோடு போகவில்லை. தையல் போட்ட இடத்தில் குடல் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது, இன்னொரு ஒப்பரேஷன் செய்ய வேண்டும். அது பழைய நோயாம், அதனால் இன்சூரன்ஸ் பணம் கொடுக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டுமாம். புடைப்பு இறுகி வலித்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் ஓடி வா என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கடிதத்தோடு ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். அந்த வரியின் மேல் விரலை வைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்கிற குரலில், “ஹீ வெய்ட்டட், சிஸ்டர். ஐந்து மணி நேரம் உட்கார முடிந்திருக்கிறது இல்லையா?” என்றார். மேசையில் பெரிய இரும்பு ஸ்டேப்ளர் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. முதல் அடி அந்த விரலில் விழுந்தது, எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. இரண்டாவது நெற்றியில். மூன்றாவது திரையில். அவர் நாற்காலியோடு விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. “உக்காருடா! நீ அஞ்சு மணி நேரம் உக்காரு!” என்று தமிழில் கத்தினேன். பிஜு பின்னால் வந்து இடுப்பைக் கட்டித் தூக்கினான். அவன் கையையும் கடித்தேன்.

பதினொரு நாள் உள்ளே இருந்தேன். அந்த மனிதர் வழக்கை விட்டுக்கொடுத்தார், நான் விசாவை ரத்து செய்துகொண்டு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்ற பேச்சில். பிஜு பிறகு போனில் ஒன்று சொன்னான். நெற்றி கிழிந்த மனிதரை ஐந்து நிமிடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லையாம். துணியைக் கட்டிக்கொண்டு நகரத்தின் அடுத்த கோடிக்குத்தான் போனாராம். அவர் கையில் இருந்ததும் அதே அட்டை. அதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

யேசுதாஸ் அங்கேயே இருக்கிறார். வேலையை விட்டால் அட்டை போய்விடும், அட்டை போனால் ஒப்பரேஷன் இல்லை. நான் பொகவந்தலாவையில், தோட்டத்துக்கு வெளியே அப்பா கட்டிக்கொண்ட வீட்டில். வந்த அன்று அப்பா என் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அடிச்சதுல என்ன கெடைச்சுச்சு புள்ள?” என்றார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். “நான் ஊசிக்கு அடிச்சேன். நீ எதுக்கு அடிச்ச?” அடிக்க வேண்டிய நேரம் ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் நான் டிரொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹோட்டல் துவாயால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று யாரையும் அடிக்கக்கூட வேண்டியதில்லை, எழுந்து நடந்திருந்தால் போதும். அட்டை வைத்திருப்பவர்களே, உங்கள் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

போன வாரம் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. அங்கே ஐந்தரை. அப்போது நான் கடைக்குப் போகிற வழியில், பெரட்டுக் களத்துக்கு மேலே உள்ள ரோட்டில் நின்றிருந்தேன். “புள்ள, புடைச்ச எடம் கல்லாட்டம் இறுகிக் கெடக்கு. வாந்தியும் வருது” என்றார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். “லோண்டரிக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன். பிஜுகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு...” என் தலைக்குள் ஏதோ வெடித்தது. “ஒருத்தன்கிட்டயும் சொல்லாதீங்க! துண்டு வேணாம்! அஞ்சு நிமிஷ ஆஸ்பத்திரிக்கு நடங்க! நடக்க முடியாட்டி ரோட்டுல விழுந்து கத்துங்க!” கீழே களத்தில் நின்ற பெண்களெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். போனில் அவருடைய மூச்சு மட்டும் இரைந்தது. ஒரு காதில் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிடும் சத்தம். மறு காதில் துபாய் ரோடு, ஒரு லொறி, பிறகு பிஜுவின் குரல், “தாஸ் சேட்டா, எங்கே போகுது? கேட் இங்கே இருக்கு.” கீழே யாரோ ஒருத்தி தன் பேரைக் கேட்டதும், “இருக்கேங்க” என்று பதில் கொடுத்தாள். யேசுதாஸ் பதில் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, நிற்காமல்.