மூன்றாவது சத்தம்

திண்டிவனம் மாதா கோயிலில் கித்தார் வாசித்தவர் புதிதாக ஒரு டிஜிட்டல் பெட்டி வாங்கியிருந்தார். கித்தாரை அதில் மாட்டினால் இருநூறு விதமான சத்தம் வரும். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் சத்தத்தை மாற்றும் குமிழைத் திருப்புவார்.

அன்று கல்யாணப் பூசை. அவர் தொடங்கினால்தான் நான் பாட முடியும். அவர் காதருகே குனிந்தேன்.

"ஆரம்பிங்க, பொண்ணு வந்துகினு இருக்குது."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாத்துடறேங்க."

பெண் பீடம்வரை நடந்துவிட்டாள். கொலுசுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பூசை முடிந்ததும் அவரே சொன்னார்: "மூணாவதே நல்லா இருந்துச்சுங்க. அடுத்தது இதவிட நல்லா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு பேஜாரா பூட்ச்சி."

அடுத்த ஞாயிறு, குமிழை மூன்றாவதில் நிறுத்தி மேலே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்தார். நிம்மதியாகப் பாடினேன். இரண்டாவது சரணத்தில் திரும்பிப் பார்த்தேன். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.