லிஸ்ட்ல அடிச்ச பேரு

டென்னிஸ் பால் கிரிக்கெட் டீமுக்கு மேனேஜர்னா வேலை இவ்ளோதான்: பதினோரு பேரை எழுதணும், விட்டுப்போனவன் மூஞ்சியைப் பாக்காம நடக்கணும். நீங்களும் எங்கயாவது லிஸ்ட் எழுதியிருந்தா என் வயித்தெரிச்சல் புரியும்.

அட்ரஸ் ரூல்

கேஜிஎஃப்னு சொல்ற கோலார் தங்கவயல்ல ஸ்கெலட்டன்ங்கிறது எங்க ஏரியா. எங்க டீமுக்கு ஆனந்தன்தான் பௌலர். வேலை, குடித்தனம் எல்லாம் பெங்களூர். ஞாயித்துக்கிழமை ரயிலேறி வந்து ஆடிட்டுப் போவான். ஒரு வருஷம் டோர்னமென்ட் கமிட்டிக்காரங்க, ஆதார்ல கேஜிஎஃப் அட்ரஸ் இருந்தாதான் ஆடலாம்னுட்டாங்க. அவனோ பொண்ணை வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல சேக்க அட்ரஸ் மாத்தப்போற நேரம். மாத்தாதடா, உன்னை விட்டா ஆளில்லைன்னு போன்ல கெஞ்சினேன். பாவி மாத்தலை. பொண்ணு ரெண்டு பஸ் மாறி வேற ஸ்கூலுக்குப் போச்சு. அவன் சம்சாரம் போனைப் பிடுங்கிக் கேட்டுச்சு:

"ஏண்ணா, உங்க கப்பு எங்க வீட்டு அலமாரியிலயா இருக்கப்போவுது?"

பேட்டிங் மட்டும்

அடுத்த வருஷம் இன்னொரு ரூல். ஒருத்தன் பேட்டிங் மட்டும் பண்ணலாம். பௌலிங், ஃபீல்டிங்குக்கு அவனுக்குப் பதிலா வேற ஆள் இறங்கலாம். எங்க மூர்த்தி நல்லா அடிப்பான், முட்டி வலியில ஃபீல்டிங் ஓடமாட்டான். ஆனந்தன் பேட் பிடிச்சா பந்து ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம். ரெண்டு அரை ஆளைச் சேத்து ஒரு முழு ஆளாக்கிட்டேன். ஃபைனல் வரைக்கும் போனோம். ஆனந்தன் சிரிச்சிக்கினே சொன்னான்:

"இந்த ரூல் இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லண்ணா."

ரூல் போச்சு

இந்த வருஷம் ரெண்டு ரூலையும் எடுத்துட்டாங்க. எந்த ஊர்க்காரனும் ஆடலாம், ஆனா பௌலரும் பேட் பிடிக்கணும். பக்கத்து ஏரியா பாலகாட் டீம் பெங்களூர்லருந்து நாலு பேரை இறக்கிடுச்சு. நானும் வெளியூர்ப் பையன் ஒருத்தனைப் பிடிச்சேன். நல்லா போடுவான், அடிக்கவும் செய்வான். ஆனந்தன் பேரை அடிச்சிட்டு அவன் பேரை எழுதினேன். போன் பண்ணிச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை, கோழைப்பய நான்.

ஞாயித்துக்கிழமை ஆனந்தன் வந்து, ஷூ மாட்டிக்கினே மேஜை மேல இருந்த லிஸ்ட்டைப் பாத்தான். கோவப்படவே இல்லை. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். கழட்டின ஷூவைப் பையில வெச்சிக்கினே சொன்னான்:

"ஜெயிக்கணும்னா இப்டிதாண்ணா எழுதணும். நேத்தே ஒரு போன் போட்டிருந்தா, இன்னிக்குப் பாப்பா ஸ்கூல் விழாவுல டான்ஸ் ஆடுறதைப் பாத்திருப்பேன்."

கப்பு இப்போ என் வீட்டு அலமாரியிலதான் இருக்குது, ரூல்படி ஜெயிச்சதுதான், ஆனாலும் அதுக்கு முதுகைக் காட்டி உக்காந்துதான் சோறு துன்றேன்.