தலைவர் படம் ஒட்டாத இட்லி வண்டி

பம்மலில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒருத்தி தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை என்றால், அடுத்த கூட்டம் அவள் வீட்டு வாசலில்தான். ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவோம். அக்கறை என்று வெளியே சொல்லிக்கொள்வோம். பாதி அக்கறை, பாதி வம்பு. தாம்பரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற எனக்குக் குழுவில் செயலாளர் பதவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படித்தான் அந்த ஞாயிறு இட்லி அக்கா வீட்டுக்குப் போனோம். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவர் அவர். கணவர் இல்லை. வாடகையும் மகளின் காலேஜ் படிப்பும் அந்த வண்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சில வாரங்களுக்கு முன்பு, ஒரு கட்சித் தலைவரைக் கைது செய்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கடையை மூடச் சொன்னார்கள். ஷேர் ஆட்டோகூட ஓடவில்லை. ஆட்டிய மாவு வீணாகிவிடுமே என்று அக்கா மட்டும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கட்சி ஆட்கள் வந்து வண்டியைக் கவிழ்த்து, அடுப்பையும் சக்கரத்தையும் நொறுக்கிவிட்டார்கள். குழுவில் கடன் எடுத்து வாங்கிய வண்டி. கடன் இன்னும் முடியவில்லை.

கதவைத் திறந்தவர் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னா மூஞ்சிய வெச்சிகினு கூட்டத்துக்கு வர்றது? வண்டியே இல்ல, கடன எதுல கட்றது?" என்று அழுதார். திண்டிவனத்தில் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாராம். மகளின் படிப்பு? அதைக் கேட்டதும் இன்னும் அழுதார். உள்ளே மகள் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை உடைத்தவர்கள்மேல் வரவேண்டிய கோபம் அந்தப் பைமேல் வந்தது. "மொதல்ல அந்தப் பைய கீழ வைம்மா!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து பைக்கில் வந்து இறங்கினார், அதே கட்சியின் வட்டச் செயலாளர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'வட்டம்'. வண்டியைக் கவிழ்த்தவர்கள் அவருடைய ஆட்கள்தான். ஆனால் அவர் வந்தது வேறு வேலையாக. தாம்பரத்தில் கண்டனக் கூட்டமாம், நாற்காலி நிரப்பப் பெண்கள் வேண்டுமாம். மொத்தக் குழுவும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் தலைவி அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல இந்தம்மா வண்டிக்கு ஒரு வழி சொல்லு. அப்பால கூட்டத்தப் பத்திப் பேசு."

வட்டம் அசரவில்லை. "பசங்க தெரியாம பண்ணிட்டானுங்கக்கா. புது வண்டியே வாங்கித் தரேன். முன்னாடி தலைவர் படம் மட்டும் பெருசா ஒட்டிக்கலாம். இன்னா சொல்றீங்க?"

எங்களில் பாதிப் பேர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஓசியில் புது வண்டி! இட்லி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாண்ணா. உங்க தலைவர் படத்த ஒட்னா, நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் வந்து கவுப்பான். வெறும் வண்டினா ஒருத்தன்தான் ஒடைப்பான். படம் கீதுன்னா அவனவன் வருவான்."

அழுதுகொண்டிருந்தவரிடமிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று வட்டம் பைக்கைக் கிளப்பினார். கூட்டத்துக்கு ஒருத்தியும் வரமாட்டோம் என்று தலைவி அக்கா தெருவே கேட்கும்படி பதில் சொன்னார்.

குழுவே இன்னொரு வண்டிக்குக் கடன் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் பழைய கடன் முடியாமல் புதுக்கடன் கிடையாது என்பது எங்கள் விதி. எழுதியவளே நான்தான். "இன்னிக்கு அது கொஞ்சம் தூங்கட்டும்" என்றேன். ஒருத்தி மட்டும், நாளைக்கு ஆளாளுக்கு இதையே கேட்பார்களே என்றாள். நியாயமான கேள்விதான்.

"உன் பொழப்பையும் ஒருத்தன் கவுத்துட்டான்னா வந்து கேளு, தரோம்" என்றார் தலைவி அக்கா. எல்லாக் கைகளும் உயர்ந்தன, கேள்வி கேட்டவள் கையும்தான். உள்ளே மகள் துணிகளை வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

புது வண்டி முனைக்கு வந்த காலையில், குழுவில் வேலைக்குப் போகிறவர்களெல்லாம் அங்கேயே நின்று சாப்பிடுவது என்று பேசிவைத்திருந்தோம். நான் பஸ்ஸை விட்டேன், வக்கீல் கத்தட்டும். நாங்கள் நினைத்தபடியே வட்டம் இரண்டு ஆட்களோடு வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். ஒரு தட்டை எடுத்து நீட்டினார். அக்காவும் இட்லி வைத்தார். மூவரும் வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, பைக்கில் ஏறினார்கள். கட்சிக்காரர்கள் சாப்பிட்டுக் காசு கொடுப்பது அந்த முனையில் வழக்கமே இல்லை.

"அண்ணா, காசு" என்றார் இட்லி அக்கா.

நாங்கள் மெல்லுவதை நிறுத்தினோம். வட்டம் அக்காவைப் பார்த்தார், தட்டும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்தார், பிறகு சட்டைப் பையில் கையை விட்டார். மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்துவிட்டு, அக்கா எங்கள் பக்கம் திரும்பி, "சாம்பார் யாருக்கு?" என்று கேட்டார்.