பதினெட்டு நகங்கள்

என் அம்மா நோனி லானர்கன் பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தாள். வயது அறுபத்தைந்து. நுரையீரல். உள்ளூர்ப் பத்திரிகை நான்கு வரி போட்டது. அதில் 'நாய்ப் பிரியை' என்று இருந்தது. அது தவறு. அம்மா எந்த நாயையும் கொஞ்சிப் பார்த்ததில்லை. முத்தம் கொடுத்ததில்லை. நாய்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாள், அவ்வளவுதான். அதனால் இதை எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்பும், அப்பா லாரி விபத்தில் போன பிறகும், மொத்தம் இருபது வருடம் பால் பண்ணை ஆய்வகத்தில் பாலின் கொழுப்பை அளந்தாள். பண்ணை மூடப்பட்டபோது அவளுக்கு ஐம்பது. அந்த வருடமே ஓட்டப் பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட ஒரு கிரேஹவுண்ட் நாயை யாரோ அவள் தலையில் கட்டினார்கள். பிறகு அடுத்தது. அயர்லாந்தில் எங்கள் டிப்பரரி பக்கம் கழித்துவிட்ட நாய்க்குப் பஞ்சமில்லை. மூன்று வயதில் ஓடி முடித்துவிடும். பதின்மூன்று வயதுவரை உயிரோடிருக்கும். இடையிலுள்ள பத்து வருடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

வந்து சேரும் நாய்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தொடையில் முடி உதிர்ந்திருக்கும். ஊறவைத்த ரொட்டியையே தின்று பற்கள் அழுகியிருக்கும். உடைந்திருந்தால் பின்னங்கால் கணு, அதுவும் வலது பக்கம்; தடத்தில் எப்போதும் இடப்பக்கமாகவே வளைந்து ஓடுவதால் பளு முழுக்க அங்கே இறங்கும். படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாது. கண்ணாடிக் கதவில் நேராகப் போய் மோதும். அம்மா பல்லைச் சுத்தம் செய்வாள், தசையை எண்ணெய் போட்டு நீவுவாள், சமையலறைக் கதவுக் கண்ணாடியில் காகிதப் பட்டை ஒட்டி வைப்பாள்.

பிறகு வம்சம் தேடுவாள். ஒவ்வொரு நாயின் இரண்டு காதிலும் குட்டியிலேயே பச்சை குத்திய எழுத்துகள் இருக்கும். வயதானால் மங்கிவிடும். காதின் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் தோல் சிவப்பாக ஒளிரும், எழுத்து கறுப்பாக எழும்பி வரும். அதை வைத்து ஓட்ட நாய்ப் பதிவு அலுவலகத்தில் பெயரைப் பிடிப்பாள். தாய், தந்தை, பாட்டன், ஐந்து தலைமுறை வரை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுவாள். புதுப் பெயர் எதற்கும் வைத்ததில்லை. "அதுக்குத்தான் ஏற்கெனவே ஒரு பேர் இருக்கே, நான் யாரு மாத்த?" என்பாள்.

கொட்டகைகள் நாக்காராவில் மாஸி மாமாவின் நிலத்தில் இருந்தன. மாமா அம்மாவுக்கு நான்கு வயது இளையவர். ஆண் பிள்ளை என்பதால் தாத்தாவின் நிலம் முழுவதும் அவருக்குப் போயிற்று. அம்மாவுக்குச் சாலையோர வீடு ஒன்று. கொட்டகை போட இரண்டு ஏக்கரை மாமா வாய்ச் சொல்லில் விட்டுக்கொடுத்தார், காகிதம் கிடையாது. திங்கள்தோறும் நாய்களுக்கு இறைச்சியும் அவரே வேனில் கொண்டுவந்து இறக்குவார். அவரும் ஓட்ட நாய் வளர்ப்பவர்தான். நாய் கிளப்பில் கமிட்டி உறுப்பினர். அவர் நாய்கள் எல்லாவற்றின் பெயரும் 'நாக்காரா' என்றே தொடங்கும்.

1999 அக்டோபரில் தபால்காரர் தன் மேல்கோட்டில் சுற்றி ஒரு பெண் நாயைக் கொண்டுவந்தார். பழைய கல்குவாரியில் கிடந்தாளாம். வரிப்புலி நிறம், மார்பில் கை அகலத்துக்கு வெள்ளை. மண்டையில் அடிபட்டிருந்தது. இரண்டு காதும் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன.

ஏன் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். காது இல்லையென்றால் எழுத்து இல்லை. எழுத்து இல்லையென்றால் சொந்தக்காரன் இல்லை. செத்த நாய்களில் இதைப் பார்த்திருக்கிறோம். இவள் சாகவில்லை.

நான் டப்ளினில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளன். வார இறுதியில் வந்தேன். அம்மா அவளுக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவளக் கண்டுபிடிக்க முடியுமாம்மா?"

"காத அறுத்தவன் கால மறந்துட்டான்" என்றாள்.

அது உண்மை. குட்டிகளுக்குப் பச்சை குத்த வரும் அதிகாரி ஒவ்வொரு குட்டியின் உடல் அடையாளத்தையும் ஒரு தாளில் குறிப்பார். அதில் நகங்களும் அடக்கம். முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு, மொத்தம் பதினெட்டு. ஒவ்வொன்றும் வெள்ளையா, கறுப்பா, கலப்பா என்று எழுதப்படும். நகத்தின் நிறத்தை யாரும் அறுக்க முடியாது. அம்மா ஒவ்வொரு பாதமாகக் கழுவிப் பதினெட்டையும் எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கேட்டேன்.

"கெடைக்கல" என்றாள்.

அட்டை வெறுமையாகத் தொங்கியது. பதினான்கு வருடத்தில் முதல் முறை. அம்மாவுக்குக் கிடைக்காமல் போவது எனக்கு நம்பும்படியாக இல்லை. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, அந்தப் பட்டியலோடு நானே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா பெண் பட்டியலைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இதத்தானே உங்கம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க? நகம் நகமா எண்ணினாங்களே. வீட்ல பேசிக்க மாட்டீங்களா நீங்க?"

தாளை எடுத்துக் கொடுத்தாள். பதினெட்டுக்குப் பதினெட்டு. மார்பு வெள்ளை, வால் நுனியில் நான்கு வெள்ளை மயிர். பெயர்: நாக்காரா மெரிடியன். உரிமையாளர்: மாரிஸ் டூஹி. மாஸி மாமா.

அம்மாவுக்குத் தம்பியிடம் பயம் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை நான் தீர்த்துவைக்கலாம் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு பதினோரு மணிப் பூசை முடிந்ததும் ஆண்கள் தேவாலய வாசல் சுவரோரம் நிற்பது வழக்கம். மாமா நடுவில் நின்றார், கோட்டில் கிளப் வில்லை. அம்மா உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் காரைத் திறந்து நாயை இறக்கினேன். வாரை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தும் என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனாள்.

நேராக மாமாவிடம் போனாள். கிரேஹவுண்ட் குதித்து நக்குவதில்லை. பிடித்தவர் காலில் தன் முழு எடையையும் சாய்த்து நிற்கும். அப்படிச் சாய்ந்தாள். தலையை அவர் கோட்டுக்குள் நுழைத்தாள். வால் சுவரில் தட்டித் தட்டி ஓசை எழுந்தது.

"என்னடா மாஸி, புதுப் பொண்டாட்டியா?" என்றார் ஒருவர்.

"பொண்டாட்டி இவ்வளவு பாசமா இருப்பாளா? இது வேற யாரோ."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர் குனிந்தார். "காது எங்கடி உனக்கு?"

சிரிப்பு நின்றது.

மாமா முழங்காலால் தள்ளினார். அவள் மறுபடி சாய்ந்தாள். "டாலி! கீழ! போடி அந்தப் பக்கம்!"

குனிந்திருந்தவர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார்.

"நாக்காரா மெரிடியன். வீட்டுப் பேரு டாலியா மாமா? தாள்ல அது மட்டும்தான் இல்ல" என்றேன். சொல்லும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மாமா என்னையே பார்த்தார். "உங்கம்மாவக் கேட்டுட்டுத்தான் இதச் செய்யறியா?"

"இல்ல."

"அதானே பாத்தேன்" என்றார். நாயைத் தாண்டிக்கொண்டு வேனுக்குப் போனார். டாலி வேன் போன திசையையே பார்த்து நின்றாள். அம்மா வாசலுக்கு வந்தாள். பார்த்த உடனே எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. வாரைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள்.

மதியம் மாமா வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரவில்லை.

"நோனி, கொட்டகைய எடுத்துடு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"மாஸி, இவன் ஏதோ சின்னப் பையன் மாதிரி..."

"முப்பத்திநாலு வயசு சின்னப் பையன். நான் அறுக்கல நோனி. ஒருத்தன்கிட்ட ஒப்படைச்சேன். எப்படிச் செய்வேன்னு அவன் சொல்லல, நானும் கேக்கல. ரெண்டு பந்தயம் கடைசியா வந்தா, வேற என்ன செய்யறது? இந்த ஊர்ல எவன் செய்யல?"

"தெரியும்டா."

"எல்லாரும் பாக்க என் கால்ல வந்து சாயறா" என்றார். குரல் உடைந்தது. பிறகு சரிசெய்துகொண்டார். "நாளைலேர்ந்து கறி வராது."

அவர் போனதும் அம்மா மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை.

"உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?" என்றேன்.

"தாளப் பாத்த அன்னைக்கே தெரியும்."

"பின்ன ஏம்மா சொல்லல? ஒரு உயிரக் காத அறுத்துக் குவாரில போட்டிருக்காங்க. நீ அவருக்கு டீ போட்டுக் குடுத்துட்டிருக்க."

"கொட்டகைல எத்தன நாய்டா இருக்கு?"

"டாலியச் சேக்காம பதினொண்ணு."

"எண்ணத் தெரியுதே. இஞ்சினியர் இல்ல?" என்றாள்.

நான்கு வாரம் இருந்தது. நான் டப்ளினிலிருந்து தொலைபேசியில் அலைந்தேன். காப்பகங்கள் நிரம்பியிருந்தன. இங்கிலாந்தில் எடுத்துக்கொள்ளும் ஆட்கள் உண்டு, ஆனால் வசந்தம் வரை இடமில்லை என்றார்கள். மாமாவைப் பகைத்துக்கொண்டு நிலம் தர அக்கம்பக்கத்தில் எவரும் தயாரில்லை. கறி விற்பவர் அம்மா போனால் கடையை அடைத்தார். டாலியைப் பற்றி அங்கே எவருக்கும் வருத்தமில்லை. அம்பலப்படுத்தியதுதான் குற்றம். சுவரோரம் நின்ற ஒவ்வொருவருக்கும் தன் பழைய நாய்களின் கணக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

ஐந்து நாய்களுக்கு வீடு கிடைத்தது. மிஞ்சியவை ஆறும் டாலியும். சாலையோர வீட்டில் இரண்டுக்குத்தான் இடம். அம்மா மிக வயதான இரண்டைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றுக்குக் கண் தெரியாது.

"டாலிய வெச்சுக்கோம்மா. அவள விட்டுட முடியாது" என்றேன்.

"நீ கூட்டிட்டுப் போ."

"ஃப்ளாட்ல நாய் விடமாட்டாங்க. ஒப்பந்தத்துலயே இருக்கு."

"வேற வீடு பாரு."

தேட ஒரு வாரம் இருந்தது. இரண்டு வீடு பார்த்தேன். ஒன்று தூரம். இன்னொன்று வாடகை கூடுதல். அந்த வாடகையை என்னால் கொடுத்திருக்க முடியும்.

டிசம்பர் பதினேழு, காலை பத்து மணி. கால்நடை மருத்துவர் கீட்டிங் வந்தார். ஐந்து நாய்கள். அம்மா ஒவ்வொன்றாக அழைத்து வந்து, வைக்கோலில் படுக்கவைத்து, முன்னங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் முடியை மழித்து ஊசி போட்டார். எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. மனிதர் கை பட்டால் அசையாமலிருக்கப் பழக்கப்பட்ட இனம். நான்கும் முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஐந்தாவது டாலி. அம்மா எழுந்து நின்றாள். முழங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினாள்.

"நீதானே இவ பேரக் கண்டுபிடிச்ச. நீ புடிச்சுக்கோ."

"அம்மா, என்னால முடியாது."

"அன்னைக்குக் கோயில் வாசல்ல முடிஞ்சுதே?"

கீட்டிங் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மண்டியிட்டேன். மற்ற நாய்களுக்கு அம்மா காதின் அடியை விரலால் தேய்த்துவிட்டதைப் பார்த்திருந்தேன். என் கையும் அங்கே போயிற்று. அங்கே தழும்பு மட்டும் இருந்தது, உலர்ந்து, ஈயத் தகடுபோல. டாலி என் மார்பில் முழு எடையையும் சாய்த்தாள். இருபத்தாறு கிலோ. பிறகு அந்த எடை கூடியதுபோல் இருந்தது.

மறுநாள் மாமா டிராக்டரோடு வந்து ஐந்தையும் புதைக்கக் குழி தோண்டிக் கொடுத்தார். கொட்டகைத் தகரங்களையும் அவரே பிரித்தார். அம்மா அவருக்குத் தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் குழிமேட்டில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து தின்றார்கள்.

அதற்குப் பிறகு அம்மா பதினான்கு மாதம் இருந்தாள். வாரம் இருமுறை மாமாதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். அவர் கிளப்புக்குப் போவதை நிறுத்தியிருந்தார், நாய்களையும் விற்றுவிட்டார். நான் போன் செய்தால் அம்மா மழையைப் பற்றிச் சொல்வாள். மருந்தைப் பற்றிச் சொல்வாள். நாய் என்ற வார்த்தை எங்களுக்குள் பிறகு வரவே இல்லை. மன்னித்துவிடு என்று சொல்ல நான் இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும், "பாலம் எல்லாம் நல்லா நிக்குதா?" என்று கேட்டுவிட்டு ரேடியோ பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடக்கத்தன்று மாமா சமாதானமாகப் போகத்தான் பக்கத்தில் வந்து நின்றார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"கடைசி வாரத்துல என்கிட்ட எல்லாத்தயும் பேசித் தீத்துட்டா. குவாரி, டாலி, எல்லாம். மன்னிச்சுட்டேன்னு வாய்விட்டுச் சொன்னா" என்றார்.

"என்னப் பத்தி?"

அவர் கையுறையைச் சரிசெய்தார். "உன்னப் பத்திப் பேச்சு வரல."

சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியவர்கள் நாங்கள் இருவர். அவர் என்னைவிட அரையடி குள்ளம். தேவாலயப் படிகளில் பெட்டி அவர் பக்கம் சரியத் தொடங்கியது. "குனிடா" என்றார். வாசல் சுவர் வரை முழங்காலை மடித்தே நடந்தேன்.