ஜெருசலேம் வாடகைக்காரருக்காக நான் எழுதிய இரண்டு கடிதங்கள்

இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். மலாக்கா புக்கிட் காத்திலில் எங்கள் வீடு. மாடி அறையில் ஒரு பாலஸ்தீன இளைஞர் வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் ஜெருசலேம். இங்கே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். என்னை ஆண்ட்டி என்பார், என் கணவரை அங்கிள் என்பார். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி மலாய்.

ஒருநாள் காலையில் முகமெல்லாம் வெளுத்துப்போய் இறங்கி வந்தார். ஊரில் அவர் அப்பாவுக்கு அரசாங்கக் கடிதம் வந்திருக்கிறதாம். உங்கள் மகன் பல வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறார், அங்கேயே குடியேறிவிட்டதாகத் தெரிகிறது, அதனால் அவருடைய வசிப்புரிமையை ரத்து செய்யப்போகிறோம் என்று.

"நீ அங்கதானேப்பா பிறந்த?" என்றேன்.

"என் தாத்தாவும் அங்கதான் பிறந்தார் ஆண்ட்டி. எங்களுக்குக் குடியுரிமை கிடையாது. அங்க வசிக்கிற உரிமை மட்டும்தான். அதையும் எடுத்துட்டா, அம்மாவைப் பார்க்க நான் டூரிஸ்ட் விசா கேட்கணும். அதையும் கொடுப்பாங்களோ என்னமோ."

அங்கே ஒரு பெண் வக்கீல் இதை எதிர்த்து மனு போடுகிறாராம். வீடு கொடுத்தவர்களிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம்.

கடிதம் என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. காரணம் இருக்கிறது. என் கணவர் ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாமல் பாதி ஆயுளைக் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு ஓட்டியவர். அவருக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை வாங்குவதற்குள் நான் எழுதாத கடிதம் இல்லை. ஓர் ஆள் இந்த மண்ணுக்கே சொந்தம் என்று நிரூபிக்கிற வித்தை எனக்கு அத்துப்படி.

"எப்படி எழுதணும்னா ஆண்ட்டி..." என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ போய்ப் படி. ஆண்ட்டி பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன்.

மூன்றே நாளில் தடிமனான ஃபைல் தயார். 'இவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர். இந்த வீடு என்றென்றும் அவருடைய வீடு' என்று கடிதம். கோயில் அன்னதானத்தில் அவர் நாற்காலி தூக்கிப் போட்டதை வைத்து, 'எங்கள் வட்டாரத்தின் நிரந்தரத் தூண்' என்று கோயில் தலைவரிடம் சீல் குத்தி வாங்கினேன். தீபாவளிக்கு ஜிப்பா போட்டு முறுக்குப் பிழிந்த போட்டோ ஒன்று, டுரியான் பழத்தைக் கட்டிப் பிடித்துச் சிரிக்கும் போட்டோ ஒன்று. எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, அவருக்குக்கூடக் காட்டாமல் வக்கீலுக்கு நானே அனுப்பினேன்.

மறுநாள் வக்கீலிடமிருந்து வீடியோ கால். நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு பாராட்டு வாங்க உட்கார்ந்தேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியைத் தேய்த்தார். பிறகு சொன்னார்:

"மேடம், அவர் அங்கே குடியேறிவிட்டார் என்று நிரூபிக்க அரசாங்க வக்கீலுக்கு ஆதாரம் போதவில்லை. இப்போது நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். நல்ல வேளை, நான் இன்னும் தாக்கல் செய்யவில்லை."

பக்கத்தில் என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட்டார். எனக்கு அப்படியே நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வேண்டியது நேர்மாறான கடிதம். இவர் இங்கே வேர்விடவில்லை, படிப்பு முடிந்ததும் போய்விடுவார் என்று உண்மையை மட்டும் எழுதி, சத்தியப் பிரமாணம் செய்து தரவேண்டும். ஆதாரத்துக்காக அவர் அறையைப் பார்க்கப் போனேன். நான் கொடுத்த அலமாரி காலி. துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"நாலு வருஷமா இப்படியா? அலமாரி பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாம்ல?"

"பிடிக்கும் ஆண்ட்டி. உள்ள மாட்டிவெச்சா, இங்கயே தங்கிடுவேனோன்னு பயம்."

திறந்த அலமாரியை மெல்லச் சாத்தினேன். கீழே வந்து எழுத உட்கார்ந்தேன். இவர் ஒரு நாற்காலிகூட வாங்கவில்லை. இங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில்கூட ஜெருசலேம் நேரம்தான். என் கணவர் விடவில்லை. "நாலு வருஷமாச்சு, இன்னும் சம்பல் சாப்பிட்டா காரம் தாங்காம அழறான். அதையும் எழுது. இது உண்மைலா!" அதையும் எழுதினேன்.

ஜாசின் டவுனில் சத்தியப் பிரமாணத்துக்குச் சீல் வைக்கும் கமிஷனரிடம் போனோம். தமிழர், வயதானவர். நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, வாடகைக்கு இருக்கிற பையன்மேல இவ்ளோ கோபமா? சம்பல் சாப்பிடலைன்னெல்லாம் புகார் எழுதியிருக்கீங்க. பேசாம வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட வேண்டியதுதானே லா?"

"கோபமெல்லாம் இல்லைங்கய்யா."

"சரி, இவர் யாரு? டிரைவரா?"

"இவர்தாங்க அந்தப் பையன்."

கமிஷனர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு சீலை ஒருமுறைக்கு இரண்டுமுறை ஊதிப் பார்த்து, கோணாமல், அழுத்திக் குத்தினார்.

வழக்கு பல மாதம் இழுத்தது. ஒருநாள் மாடியிலிருந்து தடதடவென்று ஓடிவந்தார். நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, ரத்து செய்யும் முடிவை அரசாங்கமே திரும்பப் பெற்றுக்கொண்டதாம். இது நிரந்தரம் இல்லை, பின்னால் மறுபடியும் ரத்து செய்யப் பார்க்கலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். அன்றைக்கு அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் கணவர் கேசரி கிண்டினார், அடிப்பிடித்துவிட்டது, அப்படியே சாப்பிட்டோம்.

படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது அவர் அம்மாவோடு வீடியோவில் வருவார். அந்த அம்மா அரபியில் ஏதோ சொல்வார், நான் தமிழில் ஏதோ சொல்வேன், இரண்டு பேரும் சிரிப்போம். ஆனால் ஒருத்தர் தான் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கு, இவர் எங்களுக்கு ஒன்றும் சொந்தமில்லை என்று நாங்கள் சத்தியம் செய்து கொடுக்க வேண்டியிருந்ததே, அதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.