நைனா நின்ற இடங்கள்

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். காலையில் நைனாவோடு நடக்கப் போக வேண்டும். அவர் எங்கேயாவது நின்றால் வந்து சொல்ல வேண்டும்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டின் பாதியை இரண்டு பவர்லூம்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பகலெல்லாம் நைனா அவற்றுக்கு நடுவில்தான் நிற்பார். அது நடையில் சேராது என்று பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில் சொல்லிவிட்டார்கள். பி.பி. அதிகம், உப்பைக் குறைக்க வேண்டும், பீடியை விட வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அம்மா அன்றே ஊறுகாய் ஜாடியைப் பரண்மேல் ஏற்றினாள். பீடிக்கட்டு சாக்கடைக்குப் போனது. நடைக்கு மட்டும்தான் ஆள் தேவைப்பட்டது.

"மூலை திரும்பினதும் உங்க நைனா டீக்கடையில குந்திக்குவாரு. நீ கூடவே போய்க்கினு இரு," என்றாள்.

நைனா டீக்கடைக்குப் போகவில்லை. ஆனால் நின்றார். ரயில்வே கேட்டைத் தாண்டியதும் சினிமா போஸ்டர் ஒட்டிய சுவர் ஒன்று வரும். "இன்னா எழுதிக்கிது, படி," என்பார். அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. நான் தெலுங்கு மீடியம். எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்வரை துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் ரேஷன் கடை வாசலில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். வார் நன்றாகத்தான் இருக்கும்.

ஏமாற்றுகிறார் என்று முடிவு செய்தேன். சொன்னால் வீட்டில் சண்டை வரும். சொல்லாவிட்டால் நைனாவுக்கு ஏதாவது ஆகிவிடும். நடக்காதவர்களுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று முகாமுக்கு வந்த நர்ஸம்மா சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அதனால் அவர் நிற்கும்போதெல்லாம் "நட நைனா, நட நைனா," என்று கையைப் பிடித்து இழுப்பேன்.

போகப்போக, கேட் வருவதற்கு முன்பே நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்தே விட்டார். குளிர்ந்த காலைதான், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லிக்கோ கண்ணு. ரெண்டு நிமிஷம் இரு," என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

சொன்னேன். அம்மா கத்தித் தீர்த்தாள். மறுநாள் அவரை இன்னும் சீக்கிரமாக எழுப்பி அனுப்பினாள்.

மாத்திரை போட்டும் பி.பி. இறங்காததால் திருப்பதியில் பெரிய டாக்டரிடம் போகச் சொன்னார்கள். அம்மா என்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள், சாட்சிக்கு. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"இவரு நடக்கவே மாட்டேன்றாரு சார். வோணும்னா இவளையே கேளுங்க."

டாக்டர் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். எங்கெல்லாம் நிற்கிறார் என்று தெலுங்கில் கேட்டார். நான் பள்ளியில் பாடம் ஒப்பிப்பதைப் போல ஒப்பித்தேன். போஸ்டர் சுவர், ரேஷன் கடை, மதகுக் கட்டை. முதலில் கேட்டைத் தாண்டித்தான் நிற்பார், இப்போது தெருமுனையிலேயே நிற்கிறார். நின்றால் வியர்க்கும், கொஞ்ச நேரத்தில் சரியாகி நடப்பார்.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "நடக்கும்போது நெஞ்சு அழுத்துதா? நின்னா விட்டுடுதா?" என்று நைனாவிடம் கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "நின்னா செரியாப் பூடுது சார். அதான் சொல்லல."

"வலி வந்தா அதுக்கு மேல நடக்கக் கூடாது. முதல்ல என்கிட்ட வந்திருக்கணும்," என்ற டாக்டர் மணியை அடித்தார். ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்தார். நடக்கத் தெரிந்த என் நைனாவை அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கோள் சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது என்று நினைத்து நான் அழுதேன்.

ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். நைனா பிழைத்தார்; இப்போதும் பவர்லூம் ஓட்டுகிறார், டாக்டர் சொன்ன அளவுக்கு நடக்கிறார்.

ஆனால் அவரைத் தள்ளிக்கொண்டு போன அன்று வராண்டா பெஞ்சில் நானும் அம்மாவும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"தினமுமா நின்னாரு?"

"ஆமாம்மா. தினமும்."

"நான் சீக்கிரமா எழுப்பி அனுப்பினேனே, அன்னிக்குமா?"

"அன்னிக்கு நாலு தபா."

எதையும் மறைக்கவில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று, விட்டுப்போன இடங்களையும் யோசித்து யோசித்துச் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நைனாவின் தப்புகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் ஒன்றைச் சொன்னேன்.